பதிவும் இல்லை, பிழையும் இல்லை: லாகிங் லைப்ரரிகளும் கிளாஸ்லோடர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா நிரல் ஒன்று ஒரே கிளாஸ்பாத்தில் (வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஓடும்வரை லாகிங்கைப் பற்றி, அதாவது நிரல் தன் நடப்பைப் பதிவாக எழுதுவதைப் பற்றி, யாரும் கவலைப்படுவதில்லை. ஓஎஸ்ஜிஐ (நிரலைப் 'பண்டில்' எனும் தனித்தனித் துண்டுகளாக ஓட்டும் கட்டமைப்பு), அப்ளிகேஷன் சர்வர், ஜாவா 9-க்குப் பிந்தைய மாட்யூல்கள் என்று எதற்குள்ளாவது நுழைந்த மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் கணினியில் எல்லாப் பதிவும் வருகிறது. சர்வரில் ஏற்றினால் ஒரு வரிகூட இல்லை, பிழையும் இல்லை. எங்கே போகிறது?

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. கிணற்றில் போட்ட கல்தான். எஸ்எல்எஃப்4ஜே போன்ற முகப்பு லைப்ரரி தனக்குப் பின்னால் உண்மையில் எழுதப்போகிற லைப்ரரியைத் தேடும். கிடைக்காவிட்டால் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கையை ஸ்டாண்டர்ட் எரரில் அச்சிட்டுவிட்டு, எதையும் எழுதாத ஊமை லாகரைத் தந்துவிடும். சர்வரில் அந்த எச்சரிக்கை வேறொரு கன்சோல் கோப்பில் விழுந்திருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஜார் (வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்பு) இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. 'இருக்கிறது' என்பது உங்கள் கண்ணுக்கு. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மைப் பொறுத்தவரை ஒரு வகுப்பு, அதை நினைவகத்தில் ஏற்றும் ஏதோ ஒரு கிளாஸ்லோடரின் பார்வையில்தான் இருக்கிறது. தேடிய லோடர் ஒன்று, ஜாரை வைத்திருக்கும் லோடர் வேறொன்று என்றால், ஒரே கோப்புறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் ஒன்றையொன்று காணாது. இந்தப் பக்கத்திலுள்ள அநேகமாக எல்லாப் பதில்களும் ஒரே விசாரணைதான்: தேடியது யார், வைத்திருந்தது யார்?

"லாக் வகையை லாக் வகையாக மாற்ற முடியாது" என்று ஒரு பிழை. இது என்ன கேலியா?

கேலி இல்லை. ஜேவிஎம்முக்கு ஒரு வகுப்பின் அடையாளம் பெயர் மட்டுமல்ல. பெயரும் அதை வரையறுத்த லோடரும் சேர்ந்ததே அடையாளம். ஒரே ஜாரை இரண்டு லோடர்கள் தனித்தனியாகப் படித்தால் ஒரே பெயரில் இரண்டு வேறு வகுப்புகள் பிறக்கின்றன. ஒன்றின் பொருளை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

இதற்கு இன்னும் குழப்பமான ஒரு வடிவம் உண்டு: 'லோடர் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன்' என்று தொடங்கும் லிங்கேஜ் எரர். எஸ்எல்எஃப்4ஜே 1.7 காலத்தில் முகப்பை எழுதும் லைப்ரரியோடு இணைக்கும் ஸ்டாடிக்லாகர்பைண்டர் வகுப்பின் பெயரோடு இது வரும். முகப்பு ஜார் சர்வரின் பொதுக் கோப்புறையிலும் இருக்கும், உங்கள் வலைச் செயலியைக் கட்டிய வார் கோப்புக்குள்ளும் இருக்கும். எழுதும் லைப்ரரி, லாகர்களை உருவாக்கும் ஐலாகர்ஃபேக்டரி வகையின் ஒரு பக்கத்துப் பிரதியைத் திருப்பித்தரும், அழைத்தவர் மறுபக்கத்து ஐலாகர்ஃபேக்டரியை எதிர்பார்ப்பார். இரண்டும் ஒன்றல்ல என்று ஜேவிஎம் நடுவிலேயே நிறுத்திவிடும். மருந்து எளிது: ஒரே உறைக்குள் இரண்டு கத்தி வேண்டாம். முகப்பு ஜார் பொதுவிடத்தில் இருக்கட்டும், அல்லது வாருக்குள் இருக்கட்டும்.

எத்தனையோ லைப்ரரிகள் இருக்க, லாகிங் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

ஜேசான் தரவைப் படிக்கும் லைப்ரரியை நிரலின் இரண்டு பகுதிகள் பயன்படுத்தும். லாகிங்கை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: நீங்கள், உங்கள் ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸ் டிரைவர், சர்வரே கூட. அத்தனை பேரும் தத்தம் லோடருக்குள் இருந்துகொண்டு ஒரே கோப்பில் எழுத வேண்டும் என்கிறார்கள். போதாக்குறைக்கு லாகர்கள் பெரும்பாலும் ஸ்டாடிக் மாறிகளில் இருப்பவை; வகுப்பு ஏறும் கணத்திலேயே தேடல் நடந்து முடிந்துவிடும். கட்டமைப்பு அப்போது பாதிதான் எழுந்திருக்கும்.

காமன்ஸ் லாகிங்கை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

அப்பாச்சியின் பழைய முகப்பு லைப்ரரி அது; நோக்கம் நல்லதுதான். லைப்ரரி எழுதுபவர் எந்த லாகிங் என்று முடிவு செய்ய வேண்டாம், ஓடும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றது. கண்டுபிடிக்க அது நம்பியது த்ரெட்டின் (நிரலின் ஓட்ட இழை) கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை. ஜாவா 1.2-இல் வந்த இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு த்ரெட்டின் முதுகிலும் ஒரு லோடர் ஒட்டப்பட்டிருக்கும். அதை யார் ஒட்டினார், எப்போது மாற்றினார் என்பது, செயலிகளை ஓட்டும் கன்டெய்னருக்கு கன்டெய்னர் வேறுபடும். ஆக, அது ஓர் ஊகம். அந்த ஊகத்தின் மேல்தான் காமன்ஸ் லாகிங் வீடு கட்டியது.

ஊகம் தப்பினால் வரும் செய்தி பலருக்கு மனப்பாடம்: லாக் இடைமுகத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கண்ணில் படுகின்றன, லோடர் அடுக்கு தவறு என்று சொல்லும். தாய் லோடரில் ஒரு பிரதி, பிள்ளை லோடரில் ஒரு பிரதி, கான்டெக்ஸ்ட் லோடர் பிள்ளையைக் காட்டியது, அவ்வளவுதான். இன்னொரு குறை, பழைய 1.0 வரிசையில் லோடரைச் சாவியாக வைத்து ஃபேக்டரிகளை ஒரு ஸ்டாடிக் அட்டவணையில் இறுகப் பிடித்துக்கொண்டது. செயலியைச் சர்வரிலிருந்து இறக்கிய பிறகும் அதன் லோடர் நினைவகத்தை விட்டுப் போகாது. 1.1-இல், நினைவகத்தை விடுவிக்கத் தடையாகாத பலவீனக் குறிப்புகள் கொண்ட அட்டவணை வந்து நிலைமை தணிந்தது, முழுதாகத் தீரவில்லை.

2023-இல் வந்த 1.3 இதையெல்லாம் விட நிதானமானது. லாக்4ஜே 2 என்ற லாகிங் லைப்ரரி, எஸ்எல்எஃப்4ஜே இரண்டையும் கண்டறியும். பழைய பகையை அதன்மேல் காட்ட வேண்டியதில்லை.

எஸ்எல்எஃப்4ஜே 1.7-க்கும் 2.0-க்கும் என்ன மாறியது? எண்ணை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

1.7 வரை ஊகித்துத் தேடும் வேலையே கிடையாது. முகப்பு ஜார், ஸ்டாடிக்லாகர்பைண்டர் என்ற வகுப்பை நேராகப் பெயர் சொல்லி அழைக்கும். அந்த வகுப்பு முகப்பு ஜாரில் இருக்காது. உண்மையில் எழுதும் லாக்பேக் போன்ற பின்னணி ஜார் ஒவ்வொன்றும் அதே பெயரில் ஒன்றைக் கொண்டுவரும். கான்டெக்ஸ்ட் லோடர் ஊகம் ஒழிந்ததால் சாதாரண கிளாஸ்பாத்தில் இது கல்லு மாதிரி நின்றது. மாட்யூல் உலகத்துக்கு வந்ததும் இதே தந்திரம் காலை வாரியது. முகப்பு பின்னணியைச் சார்கிறது, பின்னணி முகப்பைச் சார்கிறது, வட்டச் சார்பு. ஓஎஸ்ஜிஐ-யில் எளிய பின்னணிகளை முகப்பு பண்டிலோடு ஒட்டிக்கொள்ளும் ஃபிராக்மென்டாக வைத்து ஒப்பேற்றினார்கள். லாக்பேக், அந்த வகுப்பு இருக்கும் பேக்கேஜைத் தானே எக்ஸ்போர்ட் செய்தது (பிற பண்டில்களுக்குத் திறந்துவைத்தது). ஜாவா 9 மாட்யூல்களில் அந்த வழியும் இல்லை, வட்டச் சார்பை அவை ஏற்பதேயில்லை.

2022 ஆகஸ்டில் வந்த 2.0 அதைக் கைவிட்டு, ஜாவாவிலேயே உள்ள சர்வீஸ்லோடருக்கு மாறியது. பின்னணி ஜார் தன்னை ஒரு சர்வீஸாக அறிவிக்கும், முகப்பு அதைக் கேட்டு வாங்கும். ஆகவே 2.0 முகப்போடு 1.7 காலத்துப் பின்னணியைப் போட்டால் சேராது. லாக்பேக் 1.2 பழைய முகப்புக்கானது, 1.3-உம் அதற்கு மேலும் புதியதற்கானவை. கலந்துவிட்டால் 2.0 முகப்பு 'பழைய பைண்டிங் ஒன்று கிடக்கிறது, அதைப் பொருட்படுத்தவில்லை' என்று சொல்லிவிட்டு ஊமையாகிவிடும்.

ஒரு நல்ல செய்தி: உங்கள் நிரலில் லாகரை அழைக்கும் வரி எதையும் மாற்ற வேண்டாம். மாற வேண்டியது கீழே கிடக்கும் ஜார்கள்தான்.

ஓஎஸ்ஜிஐ-யில் எஸ்எல்எஃப்4ஜே 2.0 பண்டில் ரிசால்வ் ஆகவே (சார்புகள் பொருந்தி ஓடத் தயாராகவே) மறுக்கிறது. சர்வீஸ்லோடர் பிராசஸர் இல்லை என்கிறது.

அது கேட்பது நியாயம்தான். சர்வீஸ்லோடர், மெட்டா-இன்ஃப் கோப்புறைக்குள் இருக்கும் அறிவிப்புக் கோப்புகளை ஒரு லோடர் வழியாகப் படிப்பது. ஓஎஸ்ஜிஐ-யில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி லோடர்; இறக்குமதி செய்த பேக்கேஜ்கள் மட்டுமே தெரியும். பக்கத்துப் பண்டிலின் அறிவிப்புக் கோப்பு அதன் கண்ணில் படாது. இந்த இடைவெளியை அடைக்க ஓஎஸ்ஜிஐ தரப்பு ஓர் இடையாளை வரையறுத்திருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் போடுவது அப்பாச்சி ஏரீஸின் எஸ்பிஐ ஃப்ளை. அதன் டைனமிக் வகை, பைட்கோடைத் (கம்பைல் ஆன வகுப்புக் குறிமுறை) திருத்தி வேலை செய்வதால், அதற்கான ஏஎஸ்எம் லைப்ரரியின் பண்டில்களையும் கேட்கும்.

போட்டுவிட்டால் முடிந்ததா என்றால், வரிசையும் முக்கியம். எஸ்பிஐ ஃப்ளை எழுவதற்கு முன்பே ஏறிவிட்ட வகுப்பை அதால் திருத்த முடியாது. அதைவிட நயவஞ்சகமான இன்னொன்று: எஸ்எல்எஃப்4ஜே தன் தேடலை ஒரே முறைதான் செய்யும். அவசரக்கார பண்டில் ஒன்று முதல் லாகரைக் கேட்கும் வேளையில் லாக்பேக் இன்னும் வந்து சேராவிட்டால், அந்த ஓட்டம் முழுக்க ஊமைதான். பிறகு லாக்பேக் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எஸ்பிஐ ஃப்ளை, பின்னணி, முகப்பு ஆகிய மூன்றையும் தாழ்ந்த ஸ்டார்ட் லெவலில் (பண்டில்கள் எழும் வரிசை எண்) வையுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு முறை நான் இதில் இரண்டு நாள் தொலைத்தேன். வாரத்தில் மூன்று நாள் பதிவு வரும், இரண்டு நாள் வராது. கடைசியில் பார்த்தால் பண்டில்கள் எல்லாம் ஒரே லெவலில் கிடந்தன.

இறக்குமதி வரம்பில் எஸ்எல்எஃப்4ஜே 1.7 முதல் 2-க்குக் கீழ் என்று ஒரு மூன்றாம் தரப்புப் பண்டில் பிடிவாதம் பிடிக்கிறது. என்ன செய்ய?

வரம்பு என்பது அதைக் கட்டிய கருவி தானாகப் போட்டது. எழுதியவர் யோசித்துப் போட்டதாக எண்ண வேண்டாம். லாகரை அழைக்கும் அளவில் 2.0, பழைய நிரலோடு ஒத்துப்போகிறது. ஆகவே பண்டில் கட்டும் பிஎன்டி கருவியால் அந்தப் பண்டிலின் மேனிஃபெஸ்டை (விவரக் கோப்பு) மட்டும் திருத்தி மீண்டும் கட்டலாம். அல்லது இரண்டு எண்களிலும் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்யும் ஒரு பண்டிலை வைக்கலாம். இரண்டு முகப்புப் பண்டில்களை அருகருகே வைப்பதும் ஓஎஸ்ஜிஐ-யில் முடியும். ஆனால் அப்போது இரண்டுக்கும் தனித்தனிப் பின்னணி, தனித்தனி அமைப்புக் கோப்பு என்று ஆகிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்.

நானே எழுதிய அப்பெண்டர் (பதிவைக் கோப்பு போன்ற இடத்துக்கு அனுப்பும் வகுப்பு) லாக்பேக்கின் கண்ணில் படவில்லை.

அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதுவது வெறும் பெயர், ஒரு சரம். அந்தப் பெயரை வகுப்பாக மாற்றுவது லாக்பேக்கின் லோடர். உங்கள் பண்டிலை அது இறக்குமதி செய்யவில்லை. செய்திருக்கவும் முடியாது, அது கட்டப்பட்ட நாளில் உங்கள் பண்டில் பிறக்கவேயில்லை. சுத்தமான வழி, அப்பெண்டரையும் அமைப்புக் கோப்பையும் ஒரு ஃபிராக்மென்டில் வைத்து லாக்பேக் பண்டிலோடு ஒட்டுவது. ஃபிராக்மென்டுக்குத் தனி லோடர் இல்லை; ஒட்டிய வீட்டின் லோடரையே பகிர்ந்துகொள்ளும். ஈக்வினாக்ஸ் என்ற ஓஎஸ்ஜிஐ செயலாக்கத்தில் பட்டி பாலிசி என்றொரு குறுக்கு வழி உண்டு. ஃபெலிக்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாறும் நாளில் அது உங்களோடு வராது.

டைனமிக்இம்போர்ட்டில் நட்சத்திரம் போட்டு, எந்தப் பேக்கேஜையும் ஓடும்போதே இறக்குமதி செய்யவிட்டால் எல்லாம் ஓடுகிறதே?

ஓடும். பூட்டுப் போட்ட வீட்டில் எல்லாச் சாவியையும் வாசலில் தொங்கவிட்டாலும்தான் கதவு திறக்கும்.

காராஃப் என்ற ஓஎஸ்ஜிஐ சர்வரில் எதையும் சேர்க்காமலே லாகிங் வேலை செய்கிறதே, எப்படி?

அங்கே பாக்ஸ் லாகிங் இருக்கிறது. எஸ்எல்எஃப்4ஜே, காமன்ஸ் லாகிங், லாக்4ஜே, ஓஎஸ்ஜிஐ-யின் சொந்த லாக் சர்வீஸ் ஆகிய முகப்புகளின் பேக்கேஜ்களை எல்லாம் அதுவே எக்ஸ்போர்ட் செய்து, வந்ததையெல்லாம் ஒரே பின்னணிக்குத் திருப்பிவிடும். யார் எதை இறக்குமதி செய்தாலும் போய்ச் சேருமிடம் ஒன்று. ஓஎஸ்ஜிஐ-யில் இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்யக்கூடாத ஒன்றே ஒன்று, உங்கள் பங்குக்கு எஸ்எல்எஃப்4ஜே பண்டிலையும் சேர்த்து ஏற்றுவது.

ஜாவா 9 மாட்யூல்களுக்கு மாறினேன். ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் இருக்கிறது என்று தொடங்கவே மறுக்கிறது.

2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-இன் மாட்யூல் முறை, ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் பிரிந்து கிடப்பதை ஒப்புவதில்லை. லாகிங் உலகத்தில் அப்படிப் பிரிந்து கிடப்பது வழக்கமாகவே இருந்தது. பாலம் போடும் ஜார்கள் அத்தனையும் பழைய லைப்ரரியின் பேக்கேஜ் பெயரையே சூட்டிக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்பவை. காமன்ஸ் லாகிங்கும் அதை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பும் ஜாரும் ஒரே பேக்கேஜ். ஸ்பிரிங் 5 தனக்கென்று கொண்டுவந்த ஸ்பிரிங்-ஜேசிஎல்லும் அதே. லாக்4ஜே 1.2-உம் லாக்4ஜே 2 தரும் 1.2 பாலமும் அப்படியே.

கிளாஸ்பாத்தில் இவை ஒன்றாகக் கிடந்தால் முதலில் வந்தது ஜெயிக்கும், யாருக்கும் தெரியாது. மாட்யூல் பாத்தில் அது குற்றம். என் கணிப்பில் ஜாவா 9 செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று: அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பில்ட் கருவியின் சார்பு மரத்தை அச்சிட்டுப் பாருங்கள். அசலோ பாலமோ, ஒன்றை விலக்குங்கள். பெரும்பாலும் விலக்க வேண்டியது அசலை.

மாட்யூல் பாத்தில் சரியாக ஓடுகிறது. ஜேலிங்க் கொண்டு சிறு ரன்டைம் செய்தால் பதிவு நின்றுவிடுகிறது.

உங்கள் மாட்யூல் முகப்பை மட்டும் கேட்கிறது; லாக்பேக்கை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சாதாரணமாக ஓட்டும்போது ஜேவிஎம் சர்வீஸ் உறவைப் பார்த்து லாக்பேக்கைத் தானே இழுத்துக்கொள்ளும். ஜேலிங்க் அப்படிச் செய்யாது; கேட்டதை மட்டும் கட்டித் தரும். ஆட்-மாட்யூல்ஸ் தெரிவில் லாக்பேக்கின் மாட்யூலான லாக்பேக் கிளாசிக்கைச் சேர்த்தால் போதும். பைண்ட்-சர்வீசஸ் என்ற தெரிவும் உண்டு, ஆனால் அது ஜாவா தொகுப்பான ஜேடிகே-யில் உள்ள எல்லா சர்வீஸ்களையும் அள்ளிக்கொண்டு வந்து ரன்டைமைப் பருக்கவைத்துவிடும். மாட்யூல் அறிவிப்பு இல்லாத பழைய ஜார்களை ஜேலிங்க் தொடவே தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொந்த அப்பெண்டர் இருந்தால் அதன் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்யவோ ஓப்பன் செய்யவோ வேண்டும். லாக்பேக் அதை ரிஃப்ளெக்ஷன் வழியாக, பெயரை மட்டும் வைத்துத்தான் உருவாக்குகிறது.

ஜாவாவோடு வரும் ஜாவா யூட்டில் லாகிங்கையே பயன்படுத்திவிட்டால் இந்தச் சிக்கல் எல்லாம் போய்விடுமா?

வகுப்புகள் ஜேடிகே-யிலேயே இருப்பதால் எந்த லோடருக்கும் தெரியும்; உண்மைதான். சிக்கல் வேறு பக்கம் திரும்பும். ஜேவிஎம் ஒன்றுக்கு, லாகர்களை நிர்வகிக்கும் லாக்மேனேஜர் ஒன்றே. அமைப்புக் கோப்பில் குறிப்பிடும் ஹேண்ட்லர்களை (இங்கே அப்பெண்டரின் வேலை பார்ப்பவை) அது சிஸ்டம் லோடரில்தான் தேடும். உங்கள் வாருக்குள் இருப்பது தெரியாது. டாம்கேட் சர்வர் இதற்காகவே ஒவ்வொரு செயலிக்கும் தனி அமைப்பைத் தரும் ஜூலி என்ற சொந்த லாக்மேனேஜரை வைத்திருக்கிறது. வைல்ட்ஃப்ளை சர்வரும் தன் லாக்மேனேஜரையே நிறுவுகிறது.

அங்கே ஒரு பழகிய பொறி. கண்காணிப்பு ஏஜென்ட் எதையாவது ஜாவாஏஜென்டாக (நிரலுக்கு முன்பே ஏறும் துணை ஜார்) சேர்த்தால், சர்வர் எழும் முன்பே அது ஒரு லாகரைத் தொட்டுவிடும். ஜேடிகே-யின் லாக்மேனேஜர் நிறுவப்பட்டுவிடும். பிறகு வைல்ட்ஃப்ளை வந்து, லாக்மேனேஜர் முறையாக நிறுவப்படவில்லை என்று கூறி நின்றுவிடும். வைல்ட்ஃப்ளையின் ஜேபாஸ் லாக்மேனேஜர் ஜாரை பூட் கிளாஸ்பாத்தில் வைத்து, அதன் பேக்கேஜை ஜேபாஸ் மாட்யூல்ஸின் சிஸ்டம் பேக்கேஜ் பட்டியலில் சேர்த்து, லாக்மேனேஜர் பெயரையும் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்.

வைல்ட்ஃப்ளையில் என் லாக்பேக் அமைப்புக் கோப்பு கண்டுகொள்ளப்படுவதில்லை.

நீங்கள் கேட்காமலேயே சர்வர் தன் எஸ்எல்எஃப்4ஜே மாட்யூலை உங்கள் செயலிக்குச் சார்பாகச் சேர்த்துவிடுகிறது. ஜேபாஸ்-டிப்ளாய்மென்ட்-ஸ்ட்ரக்சர் கோப்பில் லாகிங் சப்சிஸ்டத்தை விலக்குங்கள். பிறகு உங்கள் வாருக்குள் இருப்பது உயிர்பெறும்.

செயலியை மீண்டும் மீண்டும் ஏற்றினால் மெட்டாஸ்பேஸ் (வகுப்புகளுக்கான நினைவகம்) நிரம்புகிறது. லாகிங்தான் காரணமா?

அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப் பட்டியலில் முன்வரிசை. பழைய செயலியின் லோடரைத் தொடும் ஒரே ஒரு குறிப்பு மிஞ்சினாலும், அதன் வகுப்புகள் அத்தனையும் நினைவகத்தில் தங்கிவிடும். தனி த்ரெட்டில் எழுதும் அசிங்க் அப்பெண்டரின் நிற்காத த்ரெட் ஒன்று போதும். அல்லது பொதுவான லாக்மேனேஜரில் உங்கள் வாரிலிருந்து சேர்த்த ஹேண்ட்லர். செயலியை இறக்கும்போது, லாகர்களின் தொகுப்பான லாகர் கான்டெக்ஸ்டை நிறுத்துங்கள், சேர்த்த ஹேண்ட்லரை எடுங்கள். லாக்4ஜே 2-க்கு சர்வ்லெட் கன்டெய்னரில் இதைச் செய்யவே தனி வெப் ஜார் இருக்கிறது; பலர் அதைச் சேர்க்க மறக்கிறார்கள்.

லாக்4ஜே 2-ஐ சர்வரின் பொதுக் கோப்புறையில் வைத்தால் எல்லாச் செயலியும் ஒரே அமைப்பில் ஓடுமா?

இயல்பாக ஓடாது. அழைப்பவரின் கிளாஸ்லோடரைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனி கான்டெக்ஸ்ட் கொடுப்பதே அதன் வழக்கம். எல்லோருக்கும் ஒன்றுதான் வேண்டுமென்றால் பேசிக் கான்டெக்ஸ்ட் செலக்டரைக் குறிப்பிடலாம்.

எல்லா ஜார்களையும் ஒன்றாகத் தட்டி ஒரே ஜார் ஆக்குபவர்களுக்கு ஒரு சொல்: லாக்4ஜே 2 தன் பிளகின்களின் பட்டியலை ஒரு டேட் (.dat) கோப்பில் வைத்திருக்கிறது. இரண்டு ஜார்களில் அந்தக் கோப்பு இருந்தால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். பிறகு ஏதோ ஒரு அப்பெண்டர் தெரியவில்லை என்று புலம்பும். அவற்றை இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே 2-இன் லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பலர் நாள்கணக்கில் தேடியது இப்படி ஜாருக்குள் ஜாராகவும், லோடருக்கு ஒன்றாகவும் பதுங்கியிருந்த பிரதிகளைத்தான்.

நான் லைப்ரரி எழுதுபவன். எதைச் சார்ந்திருக்க வேண்டும்?

முகப்பை மட்டும். பின்னணியைத் தேர்ந்தெடுப்பது கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டுபவரின் உரிமை. உங்கள் ஜாரோடு லாக்பேக்கையும் இழுத்துக்கொண்டு வந்தால், அதை விலக்கும் வேலையை முகம் தெரியாத நூறு பேருக்குக் கொடுக்கிறீர்கள். சோதனைக்கு வேண்டுமென்றால் டெஸ்ட் ஸ்கோப்பில் (சோதனையின்போது மட்டும் சேரும் சார்பாக) வையுங்கள். முகப்பே வேண்டாம் என்றால் ஜாவா 9-இலிருந்து சிஸ்டம் லாகர் இருக்கிறது. சிறு லைப்ரரிக்கு அது போதும்.

சரி, எதுவும் பலிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஊகிப்பதை விட்டுவிட்டு அச்சிடுங்கள். லாகர்ஃபேக்டரி வகுப்பின் கிளாஸ்லோடர் எது, எந்த ஜாரிலிருந்து வந்தது, உங்கள் கையில் கிடைத்த லாகர் பொருளின் உண்மையான வகுப்பு எது, அந்த த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் லோடர் எது: நான்கு வரிகள். லாகரில் அல்ல, ஸ்டாண்டர்ட் அவுட்டில் அச்சிடுங்கள். இதை மறந்து லாகரில் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வகுப்பு எங்கிருந்து ஏறியது என்பதை ஜேவிஎம்மின் கிளாஸ்-லோட் பதிவுத் தெரிவும் காட்டும். காராஃபில் பேக்கேஜ் எக்ஸ்போர்ட்ஸ் கட்டளை, ஒரே பேக்கேஜை எத்தனை பேர் தருகிறார்கள் என்று பட்டியலிடும். லாக்4ஜே 2-இல் டீபக் பண்பை இயக்கினால் தன் தேடல் முழுவதையும் சொல்லும். காமன்ஸ் லாகிங்கிலும் 1.1 முதல் டயக்னாஸ்டிக்ஸ் பண்பு உண்டு. லாகர் பொருளின் வகுப்பு என்ஓபி (முன்பு சொன்ன ஊமை லாகர்) என்று வந்தால் பின்னணி கிடைக்கவில்லை; நீங்கள் எதிர்பாராத வேறொரு லைப்ரரியின் பெயர் வந்தால் யாரோ முந்திக்கொண்டார்கள்; எதிர்பார்த்த பெயரே வந்தால் லோடரை விட்டுவிட்டு அமைப்புக் கோப்பில் லாக் அளவைச் சரிபாருங்கள்.